வைன் பார்க்கப் போன சம்பந்திகள்

"மேசையில வைன் இல்லாட்டி அது கலியாண வீடில்லை, செத்த—"

"மேஜையில பாட்டில் வந்தா எங்க நாத்தனார் அந்த நிமிஷமே எழுந்து—"

"—வீடு! செத்தவீட்டிலகூட இப்ப ஏதோ ஒண்டு—"

"—கும்பகோணத்துக்கே திரும்பிப் போயிடுவாங்க! நான் பேசி முடிச்சுடறேன், சம்பந்தி."

"நீங்கள் முடிப்பியள். நான் எப்ப தொடங்கிறது?"

"அன்ரிமார்," என்றான் ஹென்றி, கையில் கார்க் திருகியோடு. "நான் இன்னும் முதல் போத்தலே திறக்கேல்லை."

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அறைக்கு வந்த பிறகு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அவர்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், பண்டகசாலைகள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில் இருந்தது அந்த அறை. கலிஃபோர்னிய வைனை இறக்குமதி செய்து பெட்டி பெட்டியாக விற்கும் சின்ன நிறுவனம். மன்னாரிலிருந்து வந்த ஹென்றி அங்கே விற்பனைக்காரன். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, தண்டு நீண்ட கிளாசுகள், ஒரு தட்டில் பாண் துண்டுகள், நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளி வாளி. வெளியே மார்ச் மாதத்துப் பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது.

மேசையின் இந்தப் பக்கம் அஞ்சலீனா, மாப்பிள்ளை றொக்சனின் தாய், யாழ்ப்பாணம். அந்தப் பக்கம் கமலினி, பெண் ஸ்ரீலேகாவின் தாய், சென்னை. மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை விரித்திருந்தார் கமலினியின் கணவர் கோவிந்தராஜன், ஓய்வு பெற்ற பேராசிரியர். "நான் டிரைவர் மட்டும்தான். என்னை எதுக்கும் கூப்பிடாதீங்க" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டிருந்தார்.

கலியாணம் மே மாதம். தேவாலயமா கோயிலா என்பதெல்லாம் ஒரு மாதிரித் தீர்ந்துவிட்டது, இரண்டிலும் நடக்கும். விருந்தில் வைன் உண்டா இல்லையா என்பது மட்டும் தீரவில்லை. பிள்ளைகள் இரண்டும் கையை விரித்துவிட்டன. "ரெண்டு அம்மாமாரும் ஒண்டாப் போய்ப் பாத்து ஒரு முடிவைச் சொல்லுங்கோ. எதெண்டாலும் எங்களுக்கு ஓகே" என்றுவிட்டான் றொக்சன். மண்டபத்துக்காரருக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விசயமெண்டு கேளுங்கோ," என்றாள் அஞ்சலீனா.

"கேக்கலியே நான்."

"கேக்காட்டியும் சொல்லுறன். என்ரை மூத்தவள் றொஷினியின்ரை கலியாண விருந்து தேவாலயத்துக்குக் கீழ அறையில. நாங்கள் வந்த புதுசு, கையில ஒண்டுமில்லை. மாப்பிள்ளைத் தோழன் வாழ்த்திப்போட்டு, எல்லாரும் கப்பைத் தூக்குங்கோ எண்டான். தூக்கிச்சினம். கடதாசிக் கப். சோடாவும் முடிஞ்சு போச்சு. வெறுங் கப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சபடி நிண்டதுகள், பாவங்கள். எனக்கு இப்பவும் அது கண்ணுக்குள்ளயே நிக்குது. றொக்சன் என்ரை கடைசி. இனி எனக்கு வேற கலியாணம் இல்லை."

கமலினி விரிப்பின் நுனியை நீவிவிட்டாள்.

"புரியுது. ஆனா எங்க வீட்டுல அந்த வஸ்து வாசப்படி தாண்டினதில்ல. இவரோட அக்கா வர்றாங்க, அண்ணா வர்றாங்க. நான் வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் வந்தேன். பாக்காமலே சொன்னா ஸ்ரீலேகா மூஞ்சியைத் தூக்குவா. அதான், பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்தால் காணாது, குடிக்கவேணும்."

"குடிக்க மாட்டேன். மோந்து பாக்கறேன்."

"மோந்து பாக்க இதென்ன மல்லிகைப் பூவோ?"

ஹென்றி அவசரமாக ஒரு வெள்ளை வைனை ஊற்றினான். "இது ஷார்டொனே. நாபாப் பக்கம். பிரெஞ்சு வைனுக்கு முன்னால நாங்கள் கைகட்டி நிக்கவேணும் அன்ரி. இது அப்பிடியில்லை. நல்ல வெயில் குடிச்ச பழம், வந்து தோளில கை போட்டுக் கதைக்கும். ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ள உருட்டி, பேந்து இந்த வாளிக்குள்ள துப்பவேணும்."

அஞ்சலீனா ஒரு வாய் எடுத்தாள். உருட்டினாள். கண்ணை மூடினாள். விழுங்கினாள்.

"அன்ரி, துப்பவேணும்."

"வைனைத் துப்பிறதோ? விசரே உனக்கு?"

"எல்லாரும் துப்புவினம். இல்லாட்டித் தலைக்கு ஏறிப் போடும். இதில பதினாலு வீதம் அல்ககோல்."

"சின்ன வயசில தேவாலயத்தில முதல் நன்மை எடுத்த நாளில இருந்து பூசையில வைனைப் பாத்து முழங்காலில நிண்டவள் நான். அதைப் போய் வாளிக்குள்ள துப்பவோ?"

"இது பூசை வைன் இல்லை, அன்ரி."

"அது எனக்குத் தெரியும். என்ரை தொண்டைக்குத் தெரியாதே!" என்று மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளாசை நீட்டினாள்.

கமலினி தன் கிளாசை மூக்கருகே கொண்டுபோனாள். புருவம் உயர்ந்தது. இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"இதுல யாரு நெய் காய்ச்சினது?"

"என்ன?"

"வெண்ணெய் உருகி, நுரை அடங்கி, அடியில லேசா சிவக்கும் பாருங்க, அந்த வாசனை. முருங்கை இலை போடல. கொஞ்சம் பச்சக் கற்பூரம் இல்லாத பாயசம் மாதிரியும் இருக்கு."

ஹென்றி வாயைப் பிளந்தான். "அம்மா, உண்மைதான். இந்த ஷார்டொனேயில வெண்ணெய் மணம்தான் விசேசம். ஓக் மரப் பீப்பாயில இருந்து வனிலா மணம் வரும். குடிக்காமல் எப்பிடி...?"

"சாமிக்குப் படைக்காம நான் எதையும் வாயில வைக்கறதில்ல. இத்தனை வருஷமா சாம்பாருக்கு உப்பு சரியான்னு மூக்காலதான் பாக்கறேன்."

"உப்புக்கும் மணம் இருக்கோ?" என்றாள் அஞ்சலீனா.

"கொதி வர்றப்ப வரும்."

"கண்டறியாத கதை! ஹென்றி, அடுத்ததை ஊத்து. இவவின்ரை மூக்கைச் சோதிப்பம்."

அடுத்தது சோவிஞ்ஞோன் பிளாங். கமலினி முகர்ந்து, "புல்லு வெட்டறாங்க. பக்கத்துல ஒருத்தி நெல்லிக்கா நறுக்கறா" என்றாள். அஞ்சலீனா குடித்து, "ஓம், நறுக்கிறாள்! எனக்கும் பல்லுக் கூசுது!" என்று மேசையைத் தட்டினாள். பிறகு சிவப்பு ஒன்று, ஸின்ஃபாண்டெல். "ரசத்துக்கு மிளகு தட்டறாங்க. ஆனா ரசத்துல யாரோ ஜாம் பாட்டிலைக் கவுத்துட்டாங்க" என்றாள் கமலினி. அஞ்சலீனாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போயிற்று. ஜாம் ரசம், ஜாம் ரசம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கமலினிக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு சொட்டும் உள்ளே போகாமலே அவளுக்குக் கன்னம் சிவந்துவிட்டது.

"சம்மந்தி, உங்களுக்கு மணத்திலயே ஏறிட்டுது!"

"உங்களுக்கு ஏறினதைவிடக் கம்மிதான். பிரட் பூராவும் தின்னுட்டீங்க."

"அது பாண். வாய் கழுவத்தானே வைச்சவை."

"ஆளுக்கு ஒரு துண்டு, சம்பந்தி!"

ஹென்றியும் சிரித்துக்கொண்டேதான் கடைசிப் போத்தலைத் திறந்தான். திறந்ததும் தானே முகர்ந்து பார்ப்பது அவன் வழக்கம். சிரிப்பில் மறந்துபோனான். "இதுதான் காபர்னே. எங்களிட்ட இருக்கிறதிலேயே ராசா" என்று நேராக ஊற்றிவிட்டான்.

அஞ்சலீனா விழுங்கினாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"இதுதான்! வேறொண்டும் வேண்டாம். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு இதுதான்! என்ன துவர்ப்பு, என்ன ஒரு கம்பீரம்! சம்மந்தி, மணந்து பாருங்கோ."

கமலினி முகர்ந்தாள். கிளாசைத் தள்ளி வைத்தாள்.

"இது கெட்டுப்போச்சு."

"எது?"

"இந்த பாட்டில். போன வருஷம் எங்க பேஸ்மென்ட்ல தண்ணி புகுந்து அட்டைப்பெட்டியெல்லாம் நனைஞ்சு கிடந்துது. அதே வாசனை."

அஞ்சலீனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "இஞ்ச பாருங்கோ. குடிச்ச நான் நல்லதெண்டுறன். குடிக்காத நீங்கள் பழுதெண்டுறியள். உங்களுக்கு வைன் வேண்டாம், அதுக்காக என்ரை வைனிலயோ குற்றம் பிடிக்கிறது?"

"குற்றம் பிடிக்கல. இருக்கறதைச் சொன்னேன்."

"நேரா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. பேஸ்மென்டாம், பெட்டியாம்! எங்களுக்கு ருசி தெரியாதெண்டுதானே சொல்ல வாறியள்?"

"நான் அப்படிச் சொன்னேனா? சொன்னேனா ஹென்றி?"

ஹென்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். யார் பக்கம் சாய்ந்தாலும் ஆர்டர் போய்விடும். "அது... ஒருவேளை... கொஞ்ச நேரம் காத்துப்பட விட்டால்..." என்று இழுத்தான்.

"அட, இப்படிக் கொடுங்க," என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

கோவிந்தராஜன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்தார். கிளாசைத் தண்டில் பிடித்தார். வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்து நிறம் பார்த்தார். மணிக்கட்டை மெல்ல ஒரு சுழற்று. மூக்கை உள்ளே விட்டு மூச்சிழுத்தார். ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்து, காற்றை உள்ளே இழுத்துக் கொப்புளித்தார். பிறகு மூன்றடி தள்ளி நின்றபடியே, நூல் பிடித்ததுபோல ஒரே கீற்றாக, விரிப்பில் ஒரு துளி சிந்தாமல், வெள்ளி வாளிக்குள் துப்பினார்.

"கார்க் பழுது, அந்த ஈர வாசனை அதுலேர்ந்துதான்," என்றார். "கமலி சொன்னது சரி. வேற பாட்டில் திறங்க, நல்லா இருக்கும். நல்ல வருஷம் இது."

மூன்று பேரும் வாளியைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள் கமலினி, மிக மெதுவாக. "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"இப்பத் துப்பினீங்களே, அதை."

"அது... யூனிவர்சிட்டில... ஃபாகல்டி டின்னர்ல எப்பவாவது... கார் ஓட்டணும்னா துப்பிடுவேன், கமலி."

"கார் ஓட்டாத நாள்ல?"

பேராசிரியர் பத்திரிகை இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அது வெகு தூரத்தில் இருந்தது.

"ஐயோ சம்மந்தி!" அஞ்சலீனா தன் கோபத்தை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஓடி வந்து கமலினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உப்பையே மணந்து பிடிக்கிற உங்கடை மூக்குக்கு இது பிடிபடேல்லையோ?"

"கிராம்பு!" என்றாள் கமலினி. "ஃபாகல்டி டின்னர் முடிஞ்சு வந்தா வாயில கிராம்பு வாசனை. கேட்டா பல்வலி. முப்பது வருஷமா பல்வலி! நான்தான் டென்டிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"டென்டிஸ்ட் என்ன சொன்னவர்?"

"பல்லு முத்து மாதிரி இருக்குன்னார்!"

அஞ்சலீனா முதலில் சிரித்தாள். ஹென்றி திரும்பி நின்று சிரித்தான். கமலினி கணவரை முறைத்தாள், முறைத்தாள், முறைப்பு பாதியில் உடைந்து, சம்பந்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒருத்தியின் சேலைத் தலைப்பால் மற்றவள் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எங்க வீட்டு வாசப்படியை அது எப்பவோ தாண்டிடுச்சு," என்றாள் கமலினி மூச்சு வாங்க. "இவர் வயித்துல உக்காந்துக்கிட்டு."

"கமலி, நான் சொல்லலாம்னுதான்..."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்குப் பல்வலி. ஹென்றி, வேற பாட்டில் திற."

ஹென்றி திறந்தான். இந்தத் தடவை முதலில் தானே முகர்ந்தான். இரண்டு தரம் முகர்ந்தான். ஊற்றினான்.

கமலினி கிளாசை மூக்கின் கீழ் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். "பென்சில் சீவற வாசனை. கறுப்பு திராட்சை. பாக்கு. அப்புறம்... அப்புறம் ஒண்ணு இருக்கு. கிட்ட வருது, வந்துட்டு ஓடிடுது. மூக்குக்கு எட்டல."

"அது நாக்கில இருக்கும்," என்றாள் அஞ்சலீனா. சொல்லிவிட்டு உடனே கையை உதறினாள். "நான் கேக்கேல்லை. நீங்கள் குடியுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. நாளைக்கு என்னைச் சொல்லக்கூடாது."

கமலினி கூரையைப் பார்த்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. கிளாசைக் காட்டி, படைத்தாயிற்று என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு ஒரு வாய் எடுத்தாள், சின்ன வாயல்ல. இரண்டு கன்னமும் உப்பின. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோவிந்தராஜன் வாளியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். அஞ்சலீனா அதைப் பிடித்து இழுக்கப் போனாள். பிறகு இழுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கமலினியின் கண்கள் வாளிக்குப் போயின, அஞ்சலீனாவுக்கு வந்தன, திரும்ப வாளிக்குப் போயின. மூடின. கன்னங்கள் இடமும் வலமும் அசைந்தன. புருவம் ஒன்று மேலே போயிற்று.

அஞ்சலீனாவின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது, எடுத்தாள். றொக்சன். மண்டபத்துக்காரர் அவன் பக்கத்திலேயே நின்றார். அவரது பிரெஞ்சு இவர்களுக்கும் கேட்டது.

"பொறு மோனை, பொறு," என்று அஞ்சலீனா கருவியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்த உப்பிய கன்னங்களுக்கு நேரே குனிந்தாள்.

"துப்புறதெண்டால் துப்புங்கோ சம்மந்தி, ஆணையா நான் கோவிக்கமாட்டன். ஆனா பிள்ளை லைனில நிக்கிறான், நான் அவனுக்கு ஓமெண்டு சொல்லட்டோ, இல்லையெண்டு சொல்லட்டோ?"