ஒரு நீளம், இரண்டு குட்டை

ரத்தினவேலுக்குக் காது எப்போது போயிற்று என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தபோது நன்றாகத்தான் கேட்டது. தகடு வெட்டும் பிரஸ்கள் நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் தெளிந்துவிடும். வருஷம் போகப்போக அந்தத் தெளிவு வருவது நின்றது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. சைக்கிள் மணி, குக்கர் விசில், காலையில் கத்தும் குருவி. பிறகு பெண்களின் பேச்சு.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனை ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே யார் விடுவார்கள்? எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். தமிழ் என்றால் முக்கால்வாசி பிடிபடும். ஆனால் ஓசூரில் யார் தமிழ் மட்டும் பேசுகிறார்கள்? தமிழில் தொடங்குகிற பேச்சு நடுவில் தெலுங்குக்குத் திரும்பும், கன்னடத்தில் போய் முடியும். உதடுகள் அவருக்குத் தெரியாத வளைவெல்லாம் வளையும். அப்போது தலையாட்டுவார். கேண்டீனில் எல்லோரும் சிரித்தால் ஒரு நொடி பிந்திச் சிரிப்பார். அந்த ஒரு நொடியை நாலு பேர் கவனித்தபிறகு தனியாக டீ குடிக்கத் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து தங்கை பவளம் மூலைக்கடை டெலிபோனுக்குக் கூப்பிடுவாள். ரிசீவரில் ஒன்றுமே பிடிபடாமல் போனதும், வேலை அதிகம், கூப்பிடாதே என்று எழுதிப் போட்டுவிட்டார்.

கம்பெனி ஸ்டோருக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு எர்த் லைன் இழுக்க அவரைத்தான் அனுப்பினார்கள். வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. அது எழுத்தில் ஏதோ கேட்டது. கேட்டுவிட்டு, ஒரு சின்னக் கோட்டை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. கிளார்க் எழுந்து டீ குடிக்கப் போனார், யாரிடமோ பேசிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார். அதுவரைக்கும் அது காத்துக்கொண்டே இருந்தது. எத்தனை தரம் சொல்வது என்று முகம் சுளிக்கவில்லை. ரத்தினவேல் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், தனக்கும் ஒன்று வேண்டும் என்று.

கம்பெனிப் பெயர் போட்ட கம்ப்யூட்டர் அவர் கைக்கு எட்டாது. எட்டினாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வாங்க அவருக்கு மனம் வராது. பாகம் பாகமாகத் தானே வாங்கிப் பூட்டுவது என்று தீர்மானித்தார். நூலகத்தில் கிடைத்த கம்ப்யூட்டர் பத்திரிகைகளை மாதக்கணக்கில் படித்தார். எதில் ஏமாற்றுவார்கள் என்பதைத்தான் முதலில் படித்துத் தெரிந்துகொண்டார்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். சந்து சந்தாகக் கம்ப்யூட்டர் சாமான் கடைகள். திம்மப்பன் என்பவரின் கடையில் சாமான்களைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள். அதனாலேயே அங்கே நின்றுவிட்டார். பவர் சப்ளை பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே செம்பும் இரும்பும் குறைத்தவன் பெட்டி லேசாக இருக்கும். கனமானதை எடுத்து வைத்தார். மெமரி சிப்புகளின் மேல் உள்ள எழுத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் தேய்த்தார். சில சிப்பில் எழுத்து கலைந்து, அடியில் வேறொரு பழைய எழுத்து தெரிந்தது. அவற்றைத் தள்ளிவைத்து, எழுத்து அழியாததை எடுத்தார். மதர்போர்டை வெளிச்சத்தில் சாய்த்து ஈயப் பற்றுகளைப் பார்த்தார். சில போர்டுகளில் சிப் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் துண்டை ஒட்டி விற்கிறார்கள் என்று படித்திருந்ததால், ஒவ்வொரு சிப்பின் காலும் போர்டில் இறங்குகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினெட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, கையைக் கிழிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். திம்மப்பன் பொறுமையாக நின்றார்.

மிச்சமிருந்தது மானிட்டருக்குப் படம் அனுப்புகிற டிஸ்ப்ளே கார்டு மட்டும். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திம்மப்பன் அலமாரிப் பக்கம் திரும்பியபடி ஒரு கார்டை நீட்டி ஏதோ சொன்னார். வாய் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, சரியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ரத்தினவேல் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலை ஓரம் தள்ளி, தரையில் துணி விரித்துப் பூட்ட உட்கார்ந்தார். அது அவருக்கு வெகுநாள் கழித்து வந்த நல்ல காலை. பவர் கனெக்டர் இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேரும்படி சொருகினார். ஸ்குருவை அளவோடு இறுக்கினார். கேபினெட்டின் சின்ன ஸ்பீக்கரையும் மறக்காமல் இணைத்தார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

மதர்போர்டோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினார். ஏதாவது பாகத்தில் பழுது என்றால் ஸ்பீக்கர் பீப் அடிக்கும், எத்தனை அடிக்கிறது என்பதை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம், ஒரு சத்தமும் வராவிட்டால் போர்டே போயிற்று என்று போட்டிருந்தது. அவர் காதைக் கேபினெட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார். சுவிட்சைப் போட்டார், அணைத்தார், போட்டார். அவ்வளவு பார்த்து வாங்கிய போர்டு. லென்ஸ் வைத்துப் பார்த்த போர்டு. அதைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கலாம் என்று நினைத்தபோது வாசலில் ஆள் அசைவது தெரிந்தது.

அடுத்த வீட்டு நாராயணம்மா நின்றிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு போடுகிற வேலை அவளுக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா நஞ்சம்மாவோடு தனியாக இருந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன்னிடமிருந்து விலகிப்போனவர்களில் இவளும் ஒருத்தி என்று அவர் விட்டுவிட்டார்.

"அம்மாவுக்குக் காச்சலுங்க. இப்பத்தான் கண்ணசந்தாங்க. அதை நிறுத்துங்க," என்றாள். முகத்தில் வெளிச்சம் விழுந்ததால் அவளுடைய வாய் நன்றாகத் தெரிந்தது.

"எதை?"

"காலைலருந்து கத்திட்டே இருக்குதே, அதத்தான்."

ரத்தினவேல் கேபினெட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இது கத்துதா?"

"விளையாடறீங்களா?" அவள் திரும்பினாள்.

அவளைப் போகவிட்டிருக்கலாம். இத்தனை வருஷமும் எல்லோரையும் அப்படித்தான் விட்டார். ஆனால் அந்தப் பெட்டி காலையிலிருந்து தன் கோளாறைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சொல்லச் சொல்ல அவர்தான் அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். அவர் எழுந்தார்.

"நாராயணம்மா, எனக்குக் காது கேக்காது."

யாரிடமும் சொல்லாத வார்த்தை. சத்தமாகச் சொன்னாரா மெதுவாகச் சொன்னாரா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவள் நின்றாள். "என்னது?"

"பிரஸ்ஸு சத்தத்துல போயிருச்சு. வாயைப் பாத்துத்தான் பேசுதேன். இது எப்படிக் கத்துதுன்னு ஒரு தடவை கேட்டுச் சொல்லும்மா. அதுக்கப்புறம் போடமாட்டேன்."

அவள் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று, போடுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் சுவிட்சைப் போட்டார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். தன் பெட்டி பேசுவதை இன்னொருவர் முகத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு நீளமா. அப்புறம் ரெண்டு குட்டையா."

புத்தகத்தைப் புரட்டினார். ஒரு நீளம், இரண்டு குட்டை: டிஸ்ப்ளே கார்டு. போர்டு நன்றாக இருக்கிறது. மெமரி நன்றாக இருக்கிறது. தேய்த்தும் தூக்கியும் பார்த்து வாங்கியதெல்லாம் நன்றாக இருக்கிறது. தலையாட்டி வாங்கிய ஒன்றுதான் கெட்டது. சந்தோஷத்தோடு நிமிர்ந்தார்.

நாராயணம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். முகம் மாறியிருந்தது.

"போன வருஷம் எங்கம்மா குளிக்கற எடத்துல வழுக்கி வுழுந்தாங்க. நீங்க கொல்லைல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. செவுத்துக்கு இந்தாண்ட நின்னு எத்தினி தடவ கூப்பிட்டேன் தெரியுமா? திரும்பவே இல்ல நீங்க. நானே தனியா இழுத்துட்டுப் போனேன். இழுத்ததுலயே இடுப்பு இன்னும் மோசமாயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

அவர் ஒவ்வொரு சொல்லையும் அவளுடைய உதட்டிலிருந்து எடுத்தார். இதற்கு முன்பு எப்போதும் இவ்வளவு முழுதாக எதுவும் அவருக்குப் பிடிபட்டதில்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"அது இப்பத்தான எனக்கும் தெரியுது," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று முழுக்க அவர் பெட்டியைத் தொடவில்லை. கொல்லைக்குப் போய், பேப்பர் படிக்கிற அந்த நாற்காலியில், இந்தத் தடவை சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவர் தாழ்வுதான். திரும்பியிருந்தால் அவளுடைய தலை தெரிந்திருக்கும். கேட்காத சத்தங்கள் வெறுமனே இல்லாமல் போய்விடுகின்றன என்று இத்தனை நாள் எண்ணியிருந்தார். எத்தனை பேர் எங்கெங்கே நின்று தன்னைக் கூப்பிட்டு ஓய்ந்திருப்பார்களோ என்று இப்போதுதான் நினைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கார்டைக் கொண்டுபோய்த் திம்மப்பன் முன்னால் வைத்தார். திம்மப்பன் சிரித்தார்.

"அண்ணா, நான் அன்னிக்கே சொன்னேனல்லா? ஹளே பீஸு, கேரண்டி இல்ல, பரவால்லவான்னு கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க."

பழையது என்று அவர் ஒளிக்காமல்தான் சொல்லியிருக்கிறார். ரத்தினவேலுக்குக் கோபப்படவும் இடமில்லை. "நீங்க சொன்னது எனக்குக் கேக்கலை. காது போயிருச்சு. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க," என்றார். இரண்டாவது தடவை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. திம்மப்பன் கல்லாவை விட்டு வெளியே வந்து, எதிரில் நின்று, புதிய கார்டு ஒவ்வொன்றையும் பற்றி நிதானமாகச் சொன்னார். புரியாத இடத்தில் ரத்தினவேல் மறுபடி கேட்டார். மூன்று தரம்கூடக் கேட்டார்.

அன்று மாலையே மானிட்டரில் எழுத்து வந்தது. மெமரியை எண்ணி முடித்து, அவர் ஏதாவது தட்டுவதற்காகக் கோடு மினுக்கிக் காத்திருந்தது. அவர் ஆசைப்பட்டது அதுதான். அதன் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன தட்டுவது என்று தெரியவில்லை. தன் பெயரை அடித்தார். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று பதில் வந்தது. யாரிடமாவது இதைச் சொல்லிச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

அந்த வாரமே கம்பெனி டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னார். வேலை போகவில்லை. டூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே இரைச்சல் இல்லை, ஆளும் இல்லை. ஸ்பானர் வாங்க வருகிறவர்கள் விரலைக் காட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பேசவேண்டியதே இல்லை என்று தெரிந்ததும் பேசியவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் அவருக்கு வலித்தது. சாயங்காலங்களில் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கற்றார். அது நன்றாக ஓடியது. ஒருநாள்கூட மக்கர் செய்யவில்லை.

ஒரு ஞாயிறு காலை நாராயணம்மா வந்து, அவர் பார்க்கிற இடத்தில் நின்றாள்.

"அம்மாவ வெயில்ல கொஞ்சம் உக்கார வெக்கணுங்க. ஒத்தக் கையால முடியல."

அவர் போனார். நஞ்சம்மாவை நாற்காலியோடு தூக்கினார்கள். அவள் முன்பக்கம், அவர் பின்பக்கம். கிழவி வழியெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வைதாளோ வாழ்த்தினாளோ தெரியவில்லை. அவர் இருந்த பக்கத்திலிருந்து நரைத்த கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

"என்ன சொல்லுதாங்க?" என்று நாராயணம்மாவைக் கேட்டார்.

"நாற்காலியச் சாய்க்காமத் தூக்கச் சொல்றாங்க," என்றாள், முகத்தை அவர் பக்கம் திருப்பி.

அவர் தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். முருங்கை நிழல் விழாத இடமாகப் பார்த்து இறக்கி வைத்தார்கள்.