யானை வருடத்து எலி

எங்கள் லம்பாங் ஊரின் தண்ணீர்த் திருவிழாவைக் கெடுத்தவன் நான்தான். இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. இந்தத் தோங்சுக் சொல்வதில் எதையும் நம்பக் கூடாது என்று ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் வந்ததற்கும் நானேதான் காரணம்.

எனக்கு முன்னால் சொங்க்ரான் என்கிற இந்தப் புது வருடத் திருவிழா எப்படி இருந்தது என்றால், ஒருவர் மேல் தண்ணீர் விட அவரிடமே அனுமதி கேட்பார்கள். கேட்டுவிட்டு, மல்லிகை மிதக்கும் நீரில் ஒரு கையளவு எடுத்துத் தோளில் விடுவார்கள். நனைந்தவர் நன்றி சொல்வார். ஒரு தெருவைக் கடக்க அரை நாள் ஆகும். நான் பத்தொன்பது வயதில் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தேன். என் நண்பன் வீரட்டின் சித்தப்பா புதிதாக ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். அதில் இரண்டு தார்ப் பீப்பாய்களை ஏற்றி, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, அரைப் பாளம் ஐஸையும் உள்ளே தள்ளினேன். வீரட் ஓட்டினான். வடக்குச் சீமையில் சொங்க்ரானுக்குப் போடப்பட்ட முதல் ஐஸ் அதுதான்.

அன்று என் வாளித் தண்ணீர் பட்ட ஒரு நாய், சாகும்வரை ஏப்ரல் பிறந்ததும் நடுங்கியது. அதன் குட்டிகளும் நடுங்கின. இப்போது பதினோராவது தலைமுறை நடக்கிறது. முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் போய்ப் பார்க்கலாம். ஆற்று நீரோடு பீப்பாய்க்குள் வந்துவிட்ட ஒரு கெளுத்தி மீன், நான் வீசிய வேகத்தில் தபால் பெட்டிக்குள் விழுந்தது. மூன்றாம் நாள் சியாங் மாயில் ஒரு பல் டாக்டருக்குப் பட்டுவாடா ஆனது. அவர் பதில் போட்டார்.

கதையை எப்போதும் இந்த மீனோடு நிறுத்திவிடுவேன். மீனுக்கு அடுத்து நடந்ததை ஐம்பத்தேழு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

மீனுக்கு அடுத்து சீமூன் சைக்கிளில் வந்தாள். ஒரு கை சைக்கிளைப் பிடித்திருக்க, மறு கையில் வெள்ளிக் கிண்ணம். அதில் சீயக்காய் சுட்டுப் போட்ட மணநீர். அப்பா பார்த்த மாப்பிள்ளையை மறுத்ததிலிருந்து இரண்டு வருடமாக அவருக்கும் அவளுக்கும் பேச்சில்லை. அத்தை வீட்டில் இருந்தாள். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேட்டு, புது வருடத்தில் அவர் கையில் நீர் ஊற்றி மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டிருந்தாள்.

ஐஸைப் பாக்கு அளவுக்காவது உடைத்துப் போட வேண்டும். எனக்குச் சோம்பல். வாளிக்குள் முஷ்டி அளவில் ஒரு கட்டி கிடந்தது. அது எனக்குத் தெரியாது என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாளி கனத்ததிலேயே தெரிந்தது. வீசினேன்.

கட்டி அவள் புருவத்தில் பட்டது. சைக்கிள் சாய்ந்தது. வண்டி நிற்கவில்லை, முன்னால் இருந்த வீரட் எதையும் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் குதித்துத் திரும்பி ஓடினேன். அவளை யாரோ டாக்டரிடம் கொண்டு போயிருந்தார்கள். சாக்கடை ஓரம் கிண்ணம் கிடந்தது. கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். மூன்று தையலோடு அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். அவர் கையில் அவள் நீர் ஊற்றத்தான் செய்தாள். ஆனால் அது பிணத்தின் கையில் எல்லாரும் வரிசையில் நின்று ஊற்றும் நீர்.

என் முகத்தில் அன்று திருவிழாவுக்குப் பூசும் வெள்ளைக் களிமண் குழம்பு அப்பியிருந்தது. வீசியவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. “அக்கரைப் பயலுக. நான் பாத்தேன்” என்று முதலில் சொன்னவன் நான். அதுதான் என் முதல் பெரிய பொய். அது அவ்வளவு நன்றாக விலை போனதால்தான் பின்னால் நாய், மீன் எல்லாம் வந்தன. கிண்ணம் வீட்டில் அரிசிப் பெட்டிக்கு அடியில் போனது.

இத்தனை வருடத்தில் சீமூன் கையில் நீர் ஊற்றி நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குத்தானே சொங்க்ரான். ஆனால் இளையவர்தான் மூத்தவர் கையில் ஊற்ற வேண்டும். மூத்தவன் போய் இளையவள் கையில் ஊற்றினால் அவள் ஆயுசு குறையும். நான் அவளுக்கு மூத்தவன். அதாவது, அப்படிச் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் பன்னிரண்டு மிருக வருடக் கணக்கில் அவள் பிறந்தது யானை வருடம். நான் அதற்கு அடுத்த எலி வருடம். பதினெட்டு வயதில் அவள் தன் தோழியிடம், தன்னைவிடச் சின்னப் பையன்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, நானும் யானை வருடம்தான், அதுவும் இரண்டாம் மாதம் என்று பரப்பிவிட்டேன். அடையாள அட்டை குமாஸ்தாவும் நான் சொன்னதையே எழுதினார். அவள் யானையையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது, வாழ்நாள் முழுக்க அவள் என்னை “அண்ணே” என்று அழைத்ததும், சொங்க்ரானில் ஊரார் வந்து நீர் ஊற்றும் மூத்தோர் வரிசையில் மின்விசிறிக்குப் பக்கத்து நாற்காலியும்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருடா வருடம் ஊரையே மன்னித்திருக்கிறேன்.

போன வருடம் ஏப்ரல் பதிமூன்றாம் தேதி, நானும் வீரட்டும் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முதுகில் தண்ணீர் டாங்க் கட்டிய பையன்கள் பட்டாளத்துத் துப்பாக்கி நீளத்துக்குத் தண்ணீர்த் துப்பாக்கியோடு போனார்கள். எல்லார் கழுத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள் செல்போன். ஆற்றங்கரை மேடையில் நுரை பீய்ச்சினார்கள். பாட்டின் அதிர்வில் என் காபி தானாகவே கலங்கியது.

“சீமூன் போறா, தெரியுமா?” என்றான் வீரட்.

“எங்க?”

“ரயோங். தெக்க, கடல் பக்கம். மகன் ப்ரயூன் பதினாறாந்தேதி வந்து கூட்டிட்டுப் போறான். வீட்டப் பூட்டி, சாவியக்கூடக் குடுத்துட்டுப் போறாளாம்.”

“திரும்பி எப்ப வருவா?”

“எழுவத்தேழு வயசுல போறவ எதுக்குத் திரும்பி வரப் போறா? உனக்கும் அதே எழுவத்தேழுதானே, உனக்குத் தெரியாதா?”

எனக்கு எழுபத்தாறு. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வீரட் அதற்குக் காரணம் காபி என்றான்.

மறுநாள் அழுகல் நாள். பழைய வருடமும் போகாமல் புதியதும் வராமல் நடுவில் கிடக்கும் நாள். அன்று பொய்யோ வசவோ பேசினால் வருடம் முழுக்க வாய் அழுகும். ஆகவே ஐம்பது வருடமாக அந்த ஒரு நாள் மட்டும் நான் வாயே திறப்பதில்லை. அன்று ஊர் அமைதியாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள்.

அன்றுதான் எல்லாரும் ஆற்று மணலை விகாரைக்குச் சுமப்பார்கள். வருடம் முழுக்க நம் காலில் ஒட்டிக்கொண்டு போன விகாரை மணலைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு அது. நானும் ஒரு வாளி மணலோடு போனேன். முற்றத்தில் பெண்கள் மணல் தூபி தட்டிக்கொண்டிருந்தார்கள். சீமூன் குந்தி உட்கார்ந்து ஒரு பக்கத்தை உள்ளங்கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா” என்றேன்.

அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“அண்ணே, இன்னைக்கு வாயத் தொறந்திருக்கீங்க. ஒடம்புக்கு ஏதும் ஆகலியே?”

“நான் அண்ணன் இல்லக்கா. நான் எலி வருஷம்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “யானை எளைச்சிருச்சு” என்றாள்.

“அந்த வருஷம் ஐஸ் வீசுனது அக்கரைப் பசங்க இல்ல. நான்தான்.”

இப்போதும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. சீமூன் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை.

“அழுகல் நாளுங்கண்ணே. இருக்குற நாலு பல்லும் போயிரும். வெளையாடாதீங்க.”

வாளி மணலைத் தூபியின் அடியில் கொட்டினேன். மணலோடு கிண்ணமும் விழுந்தது. இத்தனை நாள் அரிசிக்கு அடியில் கிடந்ததில் நிறம் கறுத்திருந்தாலும், சுற்றிலும் செதுக்கிய பன்னிரண்டு வருட மிருகங்களும் தெரிந்தன. குதிரைக்கும் ஆட்டுக்கும் நடுவில் விளிம்பு நசுங்கியிருந்தது.

அவள் எடுத்தாள். மணலைத் தட்டினாள். நசுங்கிய இடத்தில் பெருவிரலை வைத்தாள். புருவத்துத் தழும்பு, வயதான தோலில் ஒரு வெள்ளை மடிப்பாகத்தான் இருந்தது. எங்கோ நுரை மேடையின் பாட்டு கேட்டது.

“ரோட்டுல பூரா தேடுனேன்” என்றாள். “தையல் போட்டதும் நேரா வந்து தேடுனேன். அப்பா போனது எனக்குத் தெரியாது. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு இதத் தேடிக்கிட்டு நின்னேன்.”

இது எனக்குத் தெரியாது. தையலால் தாமதம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கிண்ணம் அந்த நேரம் என் சட்டைக்குள் இருந்தது.

அவள் கிண்ணத்தை என் வாளிக்குள்ளேயே வைத்தாள்.

“நாளைக்கு இதக் கொண்டா” என்றாள். நீங்கள் என்பது போய்விட்டது.

பதினைந்தாம் தேதி முனிசிபாலிட்டிப் பந்தலில் மூத்தோர் வரிசை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட சட்டை, கழுத்தில் மல்லிகை மாலை. என் நாற்காலி முதலில், மின்விசிறிக்கு அருகில், அடுத்தது சீமூன், அவளுக்கு அடுத்து வீரட். ஒரு மூன்று வயதுக் குழந்தை முன்வந்து, தண்ணீர்த் துப்பாக்கியால் மூத்தவர்களின் உள்ளங்கையில் ஒவ்வொரு சொட்டாக மரியாதையாகச் சுட்டுக்கொண்டு போனது. மைக் பிடித்த பெண் என் பெயரைச் சொல்லும்போது நான் நாற்காலியை விட்டு இறங்கி, சீமூன் முன்னால் தரையில் மண்டியிட்டேன்.

“என்னடா, ஏதாச்சும் கீழ விழுந்துருச்சா?” என்றான் வீரட்.

“நான் எலிடா. எல்லாரும் ஒரு எடம் தள்ளி உக்காருங்க.”

“சும்மா எந்திரிடா, பொண்ணு மைக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்குது.”

யாரும் தள்ளி உட்காரவில்லை. சீமூன்தான் எழுந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். மின்விசிறிக் காற்றில் அவள் மாலை ஆடியது. கிண்ணத்தைத் தேய்த்து வைத்திருந்தேன். இரண்டு சீயக்காயைச் சுட்டு, நொறுக்கிப் போட்டிருந்தேன். நசுங்கிய விளிம்பில் நீர் ஒரு பக்கமாகத்தான் வழிந்தது. என் கை நடுங்கியதைப் பார்த்து, அந்த நாய் வம்சம் என்று பின்னால் எவனோ சொன்னான்.

அவள் ஆசி சொல்ல ஆரம்பித்தாள். நோயில்லாமல் இரு. காலும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். வீட்டில் நெல் குறையாமல் இருக்கட்டும். அதற்கு அடுத்து வருவது, உடலாலும் வாயாலும் மனதாலும் நீ செய்ததை மன்னித்தேன் என்பது. எல்லாருக்கும் மனப்பாடம். நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

அங்கே நிறுத்தினாள்.

“மிச்சம் அப்பா குடுக்க வேண்டியது, தம்பி. எனக்கே அவர்கிட்ட இருந்து கெடைக்கல. உனக்கு எங்கிருந்து எடுத்துக் குடுக்கறது?”

கிண்ணத்தில் மிஞ்சிய நீரையும் அவள் கையில் விட்டேன்.

“அடுத்த வருஷம் வந்து ஊத்து. அதுக்கடுத்த வருஷமும் வா. என்னைக்காவது அந்த வார்த்தை வந்தா சொல்றேன்.”

“ரயோங்குக்கா?”

“ஏன், மீனு சியாங் மாய் வரைக்கும் போச்சே.”

ஈரக் கையை என் பூப்போட்ட சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் பலாக்காய்க் குழம்பு சாப்பிட்டதும் ப்ரயூனின் காரில் போய்விட்டாள்.

ஊரில் இன்னும் யாரும் நம்பவில்லை. நாயை நம்புகிறார்கள், தபால் பெட்டியைக் காட்டி வெளியூர்க்காரர்களிடம் மீன் கதையைச் சொல்கிறார்கள். எலி வருடம் என்பதைத்தான், கிழவனின் புதுப் புளுகு என்கிறார்கள்.

இப்போது ரயோங் பஸ்ஸில் இருக்கிறேன். சொங்க்ரானுக்கு ஜனங்களெல்லாம் ஊருக்குத் திரும்பும் நேரம். எதிர்ச் சாரியில் வடக்கே போகும் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. தெற்கே போகும் இந்த பஸ்ஸில் நானும் டிரைவரும் ஒரு தூங்கும் பட்டாளத்தானும்தான். மடியில் துணி சுற்றிய கிண்ணம், கைக்குட்டையில் இரண்டு சீயக்காய்.

சற்று முன் ஒரு ஊரைக் கடக்கும்போது, பிக்கப் வண்டியில் நின்ற பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே எங்கள் பஸ் மேல் ஒரு வாளி வீசினான். தண்ணீரோடு என்னவோ வந்து என் ஜன்னல் கண்ணாடியில் டங்கென்று மோதியது.

ஐஸைச் சரியாக உடைக்கவில்லை.