நாலு விரல் துண்டு

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் தம்பி துப்பாக்கி சுடும் வீரன். அவன் போனில் சொன்ன ஒரு வார்த்தையில் நான் வெந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, தேர்வுப் போட்டிக்குப் புது பேரல் வேணும். அண்ணியே தேச்சுக் கொடுக்கட்டும்."

எஃகு உருளையைத் துளைத்துத் துப்பாக்கிக் குழலாக்குபவன் நான். துளைக்குள் சுருள் பள்ளம் வெட்டுபவனும் நான். என் மனைவி செய்வது கடைசி வேலை. கம்பி நுனியில் ஈயக்கட்டை வார்த்து, தேய்ப்புப் பசை தடவி, குழலுக்குள் தள்ளி இழுத்து மழமழப்பாக்குவாள். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும், "அக்கா கை பட்டா குண்டெல்லாம் ஒரே ஓட்டையில போகுது" என்கிறார்கள். சமைத்தவனை விட்டுவிட்டுப் பரிமாறியவளுக்குப் பாராட்டு. வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஊரார் சொன்னால் போகட்டும், கூடப் பிறந்தவனுமா?

"இந்த ஒண்ண நானே தேய்க்கிறேன்," என்றேன் மனைவியிடம்.

"தாராளமா தேய்ங்க," என்றாள். அந்தத் தாராளம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்தது. மதியம் சாப்பிடக் கூப்பிட வந்தவள் கம்பியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"போதும்ங்க. இதுக்கு மேல தேச்சா குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கம் விரிஞ்சிடும்."

இவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சாயங்காலம் வரை தேய்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது.

மறுநாள் பட்டறைக்குப் பின்னால் இருந்த நீளக் கொட்டகையில் குழலைப் பூட்டிச் சுட்டுப் பார்த்தேன். ஐந்து குண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. குறி வைத்த தாளைச் சுருட்டி ஒளிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். புது ஈயக்கட்டை வார்த்துக் குழலுக்குள் மெல்லத் தள்ளினாள். இறுக்கமாகவே போன கட்டை, வாய்க்கு நாலு விரல் இருக்கும்போது தொளதொளத்தது. அந்த நாலு விரலையும் வெட்டிவிட்டு, வாயைச் சீராகக் கடைந்து வைத்தாள்.

தம்பி வந்து சுட்டான். ஐந்து குண்டுக்கும் ஒரே ஓட்டை.

"அண்ணீ! போட்டிக்கு இதுதான்!" என்று குதித்தான்.

"என்னைச் சொல்லாதீங்க தம்பி. நான் தேய்க்கவே இல்ல. எல்லாம் உங்க அண்ணன்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணனுக்காகப் பொய் சொல்லாதீங்க அண்ணி. அவரு கை எனக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்களேன்."

அது என் வேலைதான் என்பதற்கு ஒரே சாட்சி என் சட்டைப்பையில் இருந்தது. நான் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்து, அவள் வெட்டிப் போட்ட நாலு விரல் துண்டு. அதை எடுத்துக் காட்டினால், கெடுத்தது யார், காப்பாற்றியது யார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பைக்குள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி கைதான்டா," என்றேன்.