மூன்றாம் நம்பரின் எண்ணெய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவன் என் தம்பி. டிரான்ஸ்பார்மர்களிலிருந்து கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் பிடித்து வருவது அவன் வேலை. அதில் கரைந்திருக்கும் வாயுக்களை அளந்து, உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது என் வேலை.

அன்று காலை மூன்றாம் நம்பர் டிரான்ஸ்பார்மரின் தாளைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அசிட்டிலின் நூற்று நாற்பது. போன மாதம் பூஜ்யம். எண்ணெய்க்குள் பொறி பறந்தால் வரும் வாயு அது. டிரான்ஸ்பார்மரின் பெரிய தொட்டியில் அது வரவே கூடாது. ஆனால் தொட்டியின் பக்கத்திலேயே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் பொறி பறப்பது தினப்படி சங்கதி. பெட்டியின் வால்வு நின்றபடியே கைக்கு எட்டும். தொட்டியின் வால்வுக்குத் தரையோடு உட்கார வேண்டும். குனியச் சோம்பல்பட்டு இரண்டு முறை பெட்டியில் பிடித்து வந்த மகானுபாவன் இவன்.

போனில் பிடித்துக்கொண்டேன்.

“மறுபடியும் பெட்டியிலயா புடிச்ச?”

“இல்லக்கா, சத்தியமா கீழ் வால்வு. முட்டி வலிக்க உக்காந்து எடுத்தேன்.”

“கதை விடாத. போய் இன்னொரு தடவ எடு. வெறுங்கையோட வந்தே, உள்ள விடமாட்டேன்.”

“நான் சொல்லி நீ எதைத்தான் நம்பியிருக்க,” என்று வைத்துவிட்டான்.

பதினொரு மணிக்குப் பதிவேடு எழுத உட்கார்ந்தேன். ஹைட்ரஜன் கட்டத்தில் பேனா நின்றது. நானூற்று இருபது. பெட்டி எண்ணெயாக இருந்தால் அசிட்டிலின்தான் மிஞ்சி நிற்கும். இங்கே ஹைட்ரஜன் மூன்று மடங்கு. காலையில் ஆத்திரத்தில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்திருக்கிறேன்.

தம்பி பொய் சொல்லவில்லை. பொறி பறப்பது தொட்டிக்குள்தான். எந்த நிமிடமும் வெடிக்கக்கூடிய ஒன்றின் காலடியில் அவனை நானே அனுப்பி உட்காரவைத்திருக்கிறேன்.

உடனே அவனுக்கு அடித்தேன். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பான்? எண்ணெய் பிடிக்கும்போது போன் வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட புண்ணியவதி நான்தானே!

மூன்றாம் நம்பர் இருக்கும் துணைமின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பு நம்பர் போயிற்று. ஆபரேட்டர் எடுத்தார்.

“மூணாம் நம்பரை உடனே ஆஃப் பண்ணுங்க!”

“என்னம்மா விளையாடுறீங்களா? பாதி ஊர் அதுலதான் ஓடுது. மேலிடத்து உத்தரவு இல்லாம கை வெச்சா என் தலை உருளும்.”

“அது வெடிக்கப் போகுதுங்க! என் தம்பி அதுங்கிட்ட இருக்கானா பாருங்க.”

நாற்காலி நகரும் சத்தம். “ஆமா, கீழ உக்காந்திருக்காப்ல.”

“ஐயோ! அண்ணே, உங்க கால்ல விழறேன். தப்பா போனா என் வேலையை எடுத்துக்கட்டும், நான் சொன்னேன்னே எழுதுங்க. ஆஃப் பண்ணுங்க!”

நாற்காலி மறுபடி நகர்ந்தது. பிறகு ‘டமார்’ என்று ஓர் ஓசை. உயிரே போய்விட்டது எனக்கு.

“பிரேக்கர் திறந்த சத்தம்தாம்மா, ஆஃப் பண்ணிட்டேன். இருங்க, கூட்டிட்டு வர்றேன்.”

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். நான் காதை எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் செருப்புச் சத்தம்.

“அக்கா! கீழ் வால்வுலதான் புடிச்சேன். வேணும்னா இந்த ஆபரேட்டர் அண்ணனையே கேளு.”

“உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல. ஆனா உள்ள சடசடன்னு சத்தம். ரொம்ப நேரமா. பயந்துட்டேன்க்கா.”

“அப்ப எழுந்து ஓடி வர்றதுக்கு என்ன, அறிவு கெட்டவனே!”

“சிரிஞ்ச் பாதிதான் ரொம்பியிருந்துச்சு. நீதான் உள்ள விடமாட்டேன்னியே.”

“அதை அங்கயே போட்டுட்டு, வெறுங்கையோடயே வா,” என்றேன்.