தோற்ற கட்சி கட்டிய பாலம்

அந்த ஊரில் தேர்தலில் ஜெயித்த கட்சி பகலில் ஆட்சி நடத்தியது, தோற்ற கட்சி இரவில் நடத்தியது. தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் கண்ணை மூடியதும் எல்லோருக்கும் ஒரே கனவு வரும். அதில் அவர்கள் கட்சி ஜெயித்திருக்கும், மேடையில் சொன்னதை ஒன்று விடாமல் செய்தும் முடித்திருக்கும். ஜெயித்தவர்களுக்குக் கனவு கிடையாது. கட்டை போலத் தூங்கி எழுந்து, அதே பழைய குழிகளில் சைக்கிளை இறக்கி ஏற்றி வேலைக்குப் போவார்கள். மேட்டுத்தெரு பரம்பரையாகப் பூட்டுக்கட்சி, ஆற்றங்கரைத் தெரு குடைக்கட்சி. பூட்டு ஒவ்வொரு முறையும் மயிரிழையில் ஜெயிக்கும். ஜெயித்து என்ன கிழித்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. குடைக்காரர்கள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, பாலத்துக்குப் புது விளக்கு போட்டாயிற்று, மருத்துவமனைக்கு இன்னொரு டாக்டர் வந்துவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். பூட்டுக்காரர்களுக்கு வயிறு எரியும். பகலில் அந்த ஆற்றில் பாலமும் இல்லை, ஒரு தூணும் இல்லை.

மேட்டுத்தெருவில் சலூன் வைத்திருந்தவன் பூட்டு. ஆற்றங்கரையில் பிறந்த அவன் மனைவி, தையல்காரி, குடை. ஊர் மீசைகளையெல்லாம் நூல் பிடித்தாற்போல வெட்டுகிறவனுக்குத் தன் மீசை மட்டும் ஒரு பக்கம் ஏறியே நிற்கும். கண்ணாடியில் பார்த்துத் தனக்குத்தானே வெட்டிக்கொண்டால் அப்படித்தான். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு மூன்றாம் மாதம் காய்ச்சல் கண்டது. மருத்துவமனை அக்கரையில் இருந்தது, ஆற்றில் வெள்ளம், படகு விடவில்லை. கரையிலேயே, அம்மா மடியிலேயே குழந்தை போய்விட்டது. அன்று அழுது ஓய்ந்து தூங்கிய தையல்காரி, காலையில் முகம் தெளிந்து எழுந்தாள். குடைக்கட்சி ஆளும் ஊரில் பாலம் இருந்தது, பாலத்தில் ஓடிப்போய் அவள் குழந்தையைக் காப்பாற்றியிருந்தாள்.

பெண் அங்கேயே வளர்ந்தாள். தையல்காரி கனவில் டேப்பை வைத்து அளவெடுப்பாள், பகலில் கவுன் தைத்துப் பெட்டியில் அடுக்குவாள். காலையில் கணவனிடம் எல்லாம் சொல்வாள்: நடக்கிறாள், பேசுகிறாள், வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். அவன் சோப்பு நுரையைக் கலக்கியபடியே கேட்டுக்கொண்டிருப்பான். குடைக்கு ஓட்டுப் போட்டால் அவனும் பார்க்கலாம். ஆனால் குடை ஜெயித்துவிட்டால் கனவு போய்விடும், பெண்ணும் போய்விடுவாள். அதனால் அடுத்த தேர்தலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டுக்கே குத்தினான். ஒரு மனிதன் தன் மனைவிமேல் எவ்வளவு பிரியம் வைக்கலாம் என்பதற்கு அந்த ஊரில் அதுதான் அளவு.

அதற்கடுத்த தேர்தல் நெருங்கியபோது பெண்ணுக்கு ஒன்பது வயது. “சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா,” என்றாள் தையல்காரி. “அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா.”

அவன் சீப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். “நீ என்ன சொன்ன?”

“இருக்கிறதைத்தான் சொன்னேன்.”

அதற்குமேல் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு ஓட்டில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்துக் குடையில் குத்திவிட்டு வந்தான். குடை ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது.

அன்று இருவரும் கட்டை போலத் தூங்கினார்கள். காலையில் தையல்காரி வெறும் பாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நான்தான்மா,” என்றான் அவன். “ஒரு தடவை பார்த்துடலாம்னு நினைச்சேன்.”

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பல மாதம் அவள் அவனோடு பேசவில்லை. தையல் மெஷின் மட்டும் ஓடியது. அளவெடுக்க வழியில்லாமல், குத்துமதிப்பாகக் கீழே மடிப்பு விட்டு, வளரும் பெண்ணுக்குத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

குடைக்கட்சி பாலம் கட்டியது. ஊரில் நடந்த அதிசயங்களில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திறப்பு நாளன்று ரிப்பன் வெட்டி, கூட்டம் இந்தக் கரையிலிருந்து நடக்கத் தொடங்கியபோது, எதிரே அக்கரையிலிருந்து ஒரு பெண் சைக்கிள் மிதித்து வந்தாள். தையல்காரி தைத்து வைத்திருந்த நீலக் கவுனைத்தான் போட்டிருந்தாள். இடுப்பு சரியாக இருந்தது, கை மட்டும் கொஞ்சம் குட்டை. தையல்காரி கண்டதும் அந்தக் கையைத்தான் இழுத்துவிட்டாள், பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

சலூன்காரன் நாலடி தள்ளி நின்றான். பெண்ணுக்குத் தன்னைத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். பெண் அம்மாவின் தோளுக்குமேல் எட்டி அவனைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள்.

“அப்பாதானே?” என்றாள். “மீசை ஒரு பக்கம் ஏறி இருக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

மறுநாளே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இத்தனை நாள் எங்கே படித்தாள் என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை. அவரும் ஆற்றங்கரைத் தெருக்காரர், அவளைக் கனவில் பார்த்திருக்கிறார். கவுனில் கை நீளம் போதவில்லை, வேறு தைத்துப் போட்டு அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.