உள்ளூர்த் தொடர்பு எண்

"மம்மி, ஹேர்ஸ்டன் சார் எந்த டீம்?"

ஷாஜினிக்கு அப்போது ஏழு வயது. சிராய்த்த முழங்காலில் மணல் ஒட்டியிருக்க, பள்ளிக்கூட கிளினிக்கின் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக் கேட்டாள். வெளியே விளையாட்டு விழா. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. இரண்டு பக்கமும் ஆள் போதவில்லை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே, கதவையே அடைத்துவிடும் அளவு அகன்ற தோள்களோடு ஒரு கறுப்பு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

"அவரு ஸ்கோர் எழுதுறவரு மக்களே," என்றாள் அவள் அம்மா சுகிர்தராணி, பஞ்சால் மணலைத் துடைத்தபடி. குழந்தையிடம் சொல்கிற பொய்யையும் கர்த்தர் பொய்யாகத்தான் பார்ப்பார் என்று நம்புகிறவள் அவள். அன்று ஜெபத்தில் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

சார்ஜா முவைலாவில் உள்ள அந்த அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் சுகிர்தராணி நர்ஸ். சொந்த ஊர் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை. கணவன் மரியராஜ் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் டெக்னீஷியன். வார விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். அம்மா அங்கே வேலை பார்ப்பதால்தான் ஷாஜினிக்குக் கட்டணச் சலுகை. இல்லாவிட்டால் அந்த வாசலை அவள் வெளியிலிருந்துதான் பார்த்திருப்பாள்.

வெண்டெல் ஹேர்ஸ்டன் அங்கே வரலாறு எடுத்தார். ஜார்ஜியா மாநிலத்துக்காரர், சபை மூப்பரின் மகன். ரத்த அழுத்தம் இருந்ததால் செவ்வாய்தோறும் கிளினிக்குக்கு வருவார். கையில் பட்டை இறுகி இளகுகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார்.

அமெரிக்காவில் பதினான்கு வருடம் பழமைவாதக் கட்சிக்காரர் ஒருவருக்கு மேடைப் பேச்சு எழுதிக்கொடுத்தவர். குடும்பம், கோயில், சொந்த உழைப்பு இவைதான் மனிதனை நிமிர்த்தும், அரசாங்கம் நிமிர்த்தாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. அப்பாவைப் பார்த்து வந்தது. கட்சி விருந்துகளில் வெள்ளைக்காரர்கள் அவரைப் புகைப்படத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அவர் ஓர் ஆணை மணந்துகொண்ட செய்தி வெளியே வந்த வாரம் அழைப்புகள் நின்றன. அவருடைய சொந்த ஜனங்களோ முன்பே, வெள்ளைக்காரனுக்கு விலைபோனவன் என்று அவரை ஒதுக்கியிருந்தார்கள். அவரைப் போலவே ஆண்களை நேசிக்கும் ஆண்கள், உன்னையே வெறுக்கிறவன் நீ என்று கூட்டங்களில் எழுந்து நின்று கத்தினார்கள்.

"பிறகு ஏன் சார் இந்த ஊருக்கு வந்தீங்க? உங்கள மாதிரி ஆளுக்கு இங்க இன்னும் ஆபத்தில்லையா?" என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இங்கே யாரும் நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்கவில்லை, சிஸ்டர். களைத்துப்போயிருந்தேன்," என்றார்.

அந்த ஓய்வும் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் தேர்தல் முடிந்த நவம்பரில், ஓவியம் சொல்லித்தரும் அமெரிக்கப் பெண்மணி அவருடைய பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை வைத்தாள். முதலுதவிப் பெட்டிக்கு மருந்து நிரப்பப் போன சுகிர்தராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உன்னைத் தூக்கில் போடுகிறவர்களுக்கு நீயே கயிறு திரித்துக் கொடுக்கிறாய். வெட்கமாக இல்லையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி. அவள் தோல் பால் நிறம்.

ஹேர்ஸ்டன் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "எங்கள் ஜனங்களை மரத்தில் தொங்கவிட்ட கயிற்றைப் பற்றி எங்கள் வீட்டிலேயே சொல்லித்தந்துவிட்டார்கள், மேடம். உங்களிடம் படிக்க வேண்டியதில்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காரவுமில்லை.

நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? பெற்றோர் குழுத் தலைவி ஜெயபாரதி சென்னைக்காரி. கணவர் பாஸ்கருக்கு வங்கியில் பெரிய வேலை. ஹேர்ஸ்டன் வந்த முதல் வாரமே அவள் அலுவலகத்தில் போய் நின்றாள். "அமெரிக்கன் டீச்சர்னு சொல்லித்தானே ஃபீஸ் வாங்குறீங்க? எங்கங்க அமெரிக்கன்?" என்று கேட்டாள். அடங்காத அவள் மகன் ரோஹித் அவர் வகுப்பில் ஆறு மாதத்தில் முதுகை நிமிர்த்தி உட்காரப் பழகியதும் பேச்சு மாறியது. "என்ன டிசிப்ளின்! என்ன ஃபேமிலி வேல்யூஸ்! சார் நம்ம ஆளு மாதிரிங்க," என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். பெற்றோர் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவளேதான்.

மார்ச் மாதம் யாரோ அவருடைய பழைய பேட்டி ஒன்றை அதே குழுவில் போட்டார்கள். அதில் அவர் தன் கணவரைப் பற்றிப் பேசியிருந்தார்.

ரோஹித்தின் ஆஸ்துமா மருந்துச் சீட்டோடு ஜெயபாரதி கிளினிக்குக்கு வந்தபோது அவள் முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், என் கையால அந்த ஆளுக்கு ஷால் போட்டேன்! இப்ப குரூப்ல அந்த போட்டோவப் போட்டுச் சிரிக்கிறாங்க. என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"ரோஹித்த அவரு ஏதாவது..."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பவும் அவரு கிளாஸ்தான் வேணும்னு அழுவுறான். அதுவே எனக்கு பயமா இருக்கு." சீட்டை மேசைமேல் போட்டாள். "சும்மா வேலையவிட்டு அனுப்புனா பத்தாது. போலீஸ் வரைக்கும் போகணும். ஊருக்கே தெரியட்டும், நாங்க ஏமாறல, ஏமாத்தப்பட்டோம்னு."

ஏமாந்ததை மன்னிப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது! அவமானப்பட்டது ஜெயபாரதி, அதைக் கழுவ இன்னொருவரின் வாழ்க்கை வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, பள்ளியின் ஊழியர் பிரிவு அதிகாரி உமாபதி கிளினிக்குக்கு வந்தார். மெதுவாகப் பேசுகிறவர்; பேசும்போது எதிராளியின் மேசையில் இருக்கும் பொருள்களை நேராக அடுக்கிவைப்பார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஸ்டாஃப் ஹெல்த் ஃபைல் மொத்தமும் வியாழக்கிழமை மத்தியானம் என் டேபிளுக்கு வந்துரணும். ஆடிட்டு."

"ஆடிட்டு ஆகஸ்ட்லதானே சார்?"

உமாபதி பேனாவை ஸ்டேப்ளருக்கு இணையாக வைத்தார். "பேட்டி அஞ்சு வருஷம் முந்தி, வேற நாட்டுல குடுத்தது. அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வக்கீல் சொல்றாரு. இங்க, இந்த நாட்டுல, அந்த ஆளு தன் கைப்பட எழுதிக் குடுத்த தாள் இருந்தா வேற மாதிரி. அவசரத் தொடர்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? யார் பேரு, என்ன உறவு? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஃபைல் வந்தா அது தானா பேசும்."

சுகிர்தராணி அலமாரிச் சாவியைக் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"பாப்பாவோட சலுகையும் உங்க கான்ட்ராக்டும் இந்த மாசம்தான் கையெழுத்துக்கு வருது. நானே ஞாபகமா எடுத்து வச்சிருக்கேன்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும். அழகான சாய்ந்த கையெழுத்தில் ஓர் ஆணின் பெயர், அட்லாண்டா தொலைபேசி எண், உறவு என்ற இடத்தில் 'கணவர்'. இந்த ஊரில் தனியாக இருக்கும் எல்லோரும் அந்தக் கட்டத்தில் அண்ணன், மச்சான், சித்தப்பா மகன் என்று எதையாவது எழுதித் தப்பிப்பார்கள். அந்த மனிதர் மட்டும் உள்ளதை எழுதியிருந்தார். கணினியில் ஏறாத, ஒரே ஒரு தாள்.

சாயங்காலம் மரியராஜ் போனில் கேட்டுவிட்டுக் கத்தினான்.

"ஒனக்கு எதுக்குப் பிள்ள இந்தச் சோலி? கேட்டா எடுத்துக் குடுத்துட்டுப் போ. கூட்டஜெபம் நடத்துற பிரைட் அண்ணன் என்ன சொன்னாரு? அது பெரிய பாவம்னு சொல்லலியா?"

"சொன்னாரு. நானும் பாவம்னுதான் நெனைக்கேன்."

"அப்பம் என்ன?"

"பாவின்னா பிடிச்சிக் குடுன்னு அவரு சொல்லலியே."

"பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கோம். வேல போச்சுன்னா ரெண்டு பேரும் ஊரப் பாத்துப் போணும், பாத்துக்க!" என்று போனை வைத்துவிட்டான். அவன் கெட்டவன் அல்ல, பயந்தவன். கல்ஃபில் பயம் ஆளுக்கொரு அறை வாடகைக்கு எடுத்துக் கூடவே குடியிருக்கிறது.

அன்று இரவு ஜெபத்தில் முழங்கால் போட்டபோது சுகிர்தராணிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

போன வருடத்து ஏப்ரல் பெருமழை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீர். லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது. மரியராஜால் ராஸ் அல் கைமாவிலிருந்து வர முடியவில்லை. சுகிர்தராணி படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிக் கிடந்தாள். ஷாஜினிக்குக் காய்ச்சல். இருந்ததோ ஏழாவது மாடி. இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெரிய நீலத் தண்ணீர்க் கேன். மூன்றாம் நாளும், நான்காம் நாளும். தட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை. ஐந்தாம் நாள் விடியும் முன்பே கதவுக் கண்ணாடியில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். ஒன்பதாவது மாடி ஹேர்ஸ்டன், நனைந்த கால்சட்டையோடு, சுவரில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் உள்ள மனிதர்.

பிறகு நன்றி சொன்னபோது, "எந்தத் தண்ணீர்?" என்று கேட்டார். அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை.

அந்த ஐந்து நாள் பிரைட் அண்ணனின் ஜெபக் குழுவிலிருந்து வசனங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. வசனங்களை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் ஏற்றியது இந்த மனிதர்.

செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

"ஜூனில் பள்ளி முடிந்ததும் என்னை அனுப்பிவிடுவார்கள், சிஸ்டர். அதற்கு முன்பே யாராவது கதவைத் தட்டவும் கூடும்," என்றார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், உங்க ஃபைலைக் கேட்டிருக்காங்க. ஹெல்த் ஃபாரத்தை நீங்க வேற மாதிரி எழுதித் தரலாமே. நண்பர்னு போடுங்க. நான் புதுத் தாள் தர்றேன்."

அவர் கையில் இருந்த பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"என் ஊரில் ஒரு கூட்டம், உன் நம்பிக்கையைக் கோடு போட்டு அடித்துவிடு, உன்னை ஏற்றுக்கொள்கிறோம் என்றது. இன்னொரு கூட்டம், உன் கணவரின் பெயரை அடித்துவிடு என்றது. பதினான்கு வருடம் எதையும் அடிக்காமல் இருந்தேன். என் கையால் அவர் பெயரை அடிக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் ஜெயில் பரவாயில்லை." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

வீம்பு என்று சொல்லலாம். சுகிர்தராணியும் அப்படித்தான் நினைத்தாள், கோபமாகக்கூட வந்தது. ஆனாலும் புதுத் தாளை அவர் முன் நீட்ட அவளுக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை. சார்ஜாவில் வெள்ளிக்கிழமையிலிருந்தே விடுமுறை. பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளிப் பேருந்துகள் கிளம்பிவிட்டன. நூலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த ஷாஜினியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கிளினிக் கதவைத் தாழிட்டாள் சுகிர்தராணி. ஐம்பத்திரண்டு கோப்புகளையும் மேசையில் அடுக்கினாள்.

அவசரத் தொடர்புக் கட்டத்தின் கீழே, சின்ன எழுத்தில், எண் இந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இங்கே ஒருவரும் இல்லாத பேருந்து ஓட்டுநர்கள், துப்புரவு செய்யும் நேபாளிப் பெண்கள் போன்றவர்களுக்கு அவளே எழுதி, தன் எண்ணைப் போட்டு, தேதியிட்டு, நர்ஸ் என்று கையெழுத்திடுவாள். அப்படி ஒன்பது பேருக்கு அவள் பெயர்தான் இருந்தது. புதுத் தாள் வைத்தால் பழையதைக் கிழித்துவிடுவது வழக்கம். ஹேர்ஸ்டனுடைய தாளில் வெளிநாட்டு எண் இருந்ததைக் கவனித்தும், பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வருடம் விட்டுவைத்திருந்தாள்.

ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள். பெயர், ரத்தப் பிரிவு, பெனிசிலின் ஒவ்வாமை, தினமும் போடும் மாத்திரை என எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து எழுதினாள். தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. நாளை கேள்வி வந்தால் இந்தப் பெயரைத் தேடித்தான் வருவார்கள். மரியராஜின் குரல் காதில் கேட்டது. மேசைப் பொருள்களை அடுக்கிய உமாபதியின் கையும் கண்முன் வந்தது.

சுகிர்தராணி என்று எழுதினாள். உறவு: ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர். தன் எண். இன்றைய தேதி. கையெழுத்து. படித்துப் பார்த்தாள், பொய் ஒன்றும் இல்லை.

பழைய தாளை ஒரு தடவை முழுவதும் வாசித்தாள். அந்த அட்லாண்டா எண்ணை மட்டும் தன் போனில், 'ஹேர்ஸ்டன் சார் வீடு' என்று பதிந்துகொண்டாள். நாளை அவருக்கு நெஞ்சடைத்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்காவது தெரிய வேண்டுமே.

பிறகு தாளை நீளவாக்கில் கிழித்து, குறுக்கே கிழித்து, எழுத்து எழுத்தாகத் துண்டாக்கி, ரத்தப் பஞ்சுகளும் பழைய கட்டுத் துணிகளும் கிடந்த மஞ்சள் பையில் போட்டாள். அந்தப் பையை வண்டிக்காரர்கள் பிரிக்காமல் எரிக்கக் கொண்டுபோவார்கள். வாயை முறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுக் கையைக் கழுவினாள். கோப்புகளை இரண்டு கையிலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, தாழை முழங்கையால் தள்ளினாள்.

நடையில் யாரும் இல்லை. உமாபதியின் அறையிலும் யாரும் இல்லை. மேசைமேல் கோப்புகளை வைத்து, ஓரங்களை நேராக்கிவிட்டு, மகளைக் கூட்டிவர நூலகத்துக்குப் போனாள்.