குடித்துக் காட்டச் சொன்ன தண்ணீர்

இந்தக் காலத்து ஆட்கள் யாரையும் நம்பிவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் நாலு வார்த்தை இதமாகப் பேசினால் போதும், இறங்குவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். நான் அப்படியல்ல. தமிழர் கடைகளைக் கொளுத்திய கலவரத்தில் கண்டியில் என் சுருட்டுக்கடை எரிந்தபோது, எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கடனுக்குச் சுருட்டு வாங்கியவர்கள். அன்றைக்கு மூடிய வாயைத் தேவையில்லாமல் நான் திறப்பதில்லை. திறந்தாலும் உண்மையைச் சொல்வதில்லை.

என் மகள் சுகிர்தா அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய படிப்பு என்று சொன்னாள். கண்ணுக்குத் தெரிகிறவர்களோடு படும் பாடு போதாதா என்று ஏசினேன். அவள் கேட்கவில்லை. அந்தக் குணம் என்னுடையது.

கடைசி வருட ஆய்வுக்கு ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரை எடுத்தாள். அங்கே தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை, சனம்தான் சுத்தமில்லை என்று தோட்டத்துரை சொல்லிவிட்டாராம். அது பொய்யென்று காட்ட ஆய்வுகூடம் சொல்ல வேண்டும்.

சண்டை நடக்கிற காலம். தமிழ்ப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை; கூடப் போனேன். அங்கம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கிற பெண், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்கு வழி காட்டினாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. மூத்தவன நாங்க போன மாசம் தூக்கிக் குடுத்துட்டோம்" என்றாள். சுகிர்தா நாலு போத்தல்களில் தண்ணீர் பிடித்து, மூடி, ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். இனி ஆய்வுகூடத்தில்தான் திறக்கலாம். வழியில் திறந்த போத்தல் வீண், இன்றைக்கே போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண் என்று எனக்குச் சொல்லிவைத்தாள்.

மலையிறங்கும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து, இது என்ன என்று கேட்டான். கிருமித் தண்ணீர் என்று ஒரு தமிழன் சொன்னால் என்ன நடக்கும்? மகள் வாயெடுக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"கோயில் தீர்த்தம், மஹத்தயா."

கடவுளின் பெயரைச் சொன்னால் தொடமாட்டான் என்று நினைத்தேன். அவன் தொட்டான். மரியாதையாகத்தான் தொட்டான். ஒரு போத்தலை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டு என்கிறான். அந்த நாளில் சாவடிகளில் இது வழக்கம். பிள்ளையின் பால் போத்தலாக இருந்தாலும் தாய் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். தீர்த்தம் என்று சொன்னவன் குடிக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாலில் ஒன்று போனால் மூன்று மிஞ்சும் என்று மூடியில் கை வைத்தேன்.

"குடிக்காதேங்கோ அப்பா." சுகிர்தா போத்தலைப் பறித்துவிட்டாள்.

அவ்வளவுதான். சிப்பாயின் துவக்கு எங்கள் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. பஸ்ஸில் கூட வந்தவர்கள் எங்களை விட்டு விலகி நின்றார்கள். உள்ளேயிருந்து அதிகாரி வந்தான். எக்கநாயக்க என்று சட்டையில் பெயர். மீசை சரியாக முளைக்காத பொடியன். தியத்தலாவையில் அதிகாரிப் பயிற்சி முடித்து வந்த புதிது, தோளில் நட்சத்திரம் பளபளத்தது.

மகள் அவன் முகத்தை நேரே பார்த்துச் சிங்களத்தில் பேசினாள். அப்பா பயத்தில் பொய் சொல்லிவிட்டார், இது ஓடைத் தண்ணீர், பிள்ளைகளைக் கொல்கிற கிருமி இதில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன், மூடியைத் திறந்தால் பார்க்க முடியாது என்று சொல்லிப் பல்கலைக்கழக அட்டையையும் காட்டினாள். அதை எப்படி நம்புவது என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி, நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அப்போது அவள் கேட்டாள்: "பயிற்சியில் உங்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன படிப்பித்தார்கள்?"

எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவனுடைய ஆட்களுக்கு முன்னால் அவனையே கேள்வி கேட்கிறாள். ஆனால் பொடியன் பரீட்சை வைக்கிறவனுக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று ஒப்புவித்தான். முகாம் போடுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது... பாதியில் நின்றுவிட்டான். திரும்பி, மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்தான். எந்த ஓடை என்று கேட்டான். சுகிர்தா மேலே கையைக் காட்டினாள். அதே ஓடைதான் கீழே இறங்கி இவர்களுடைய பீப்பாய்க்கும் வருகிறது.

இந்தக் கிழமை முழுக்கத் தன் ஆட்களில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை என்று மெல்லச் சொன்னான். பிறகு போத்தலைத் தன் கையாலேயே ஐஸுக்குள் வைத்து, முடிவைத் தனக்கும் அறிவிக்கச் சொன்னான். சுகிர்தா சரி என்றாள். மூடி எதுவும் திறபடவில்லை. பொழுது சாயுமுன் பேராதனை போய்ச் சேர்ந்தோம்.

தண்ணீர் முழுக்க மலக்கிருமி. துரையால் மறுத்துப் பேச முடியவில்லை. மேலேயிருக்கிற ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் போட ஒத்துக்கொண்டார். சாவடிக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் மகள்.

"குடிக்கட்டும், விடு" என்றேன்.

"நான் சொன்னனான் அப்பா, சொல்லத்தான் வேணும்."

திரும்பவும் கூடப் போனேன். பத்துப் பதினைந்து சிப்பாய்கள் வரிசையாக நிற்க, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எதில் மூடிவைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள். துவக்கைத் தூக்கியவன் முன்வரிசையில் நின்று தலையாட்டினான். ஒருவன் ஏதோ சந்தேகம் கேட்டான். அதை ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தாள். ஒரு பட்டாளமே என் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அவள் தகப்பன் இன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்படி நன்றாக முன்னால் வந்து நின்றேன்.

எக்கநாயக்க ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். தமிழில் சொல்லப் பழகியிருக்கிறான்: "நல்லாக் கொதிச்ச தண்ணி."

"தண்ணி கொதிச்சது தெரியும் தம்பி. நாளைக்கு உம்மட இடத்தில ஆர் நிப்பினம் எண்டுதான் தெரியாது."

அவனுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். சுகிர்தா என்னை முறைத்தாள்.

"அவர் நல்ல பிள்ளை, அப்பா."

"இண்டைக்கு" என்றேன்.

கோப்பையைக் குடிக்காமலே மணல் மூட்டை மேல் வைத்துவிட்டு, அவள் பேசி முடித்து வரட்டும் என்று பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.